உண்ணிக் கடியும் ஒரு வாரக் கூலியும்

உண்ணி கடித்ததற்கெல்லாம் பத்திரிகையில் எழுத வேண்டுமா என்று சில தோழர்கள் கேட்கலாம். கூலி உயர்வு, நிலம், விலைவாசி என்று எழுத எத்தனையோ இருக்க, மாட்டின் காதில் தொங்கும் ஒரு பூச்சிக்கு இத்தனை இடமா? கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பாம்பு கடித்தால் ஊரே கூடுகிறது. வண்டி பிடிக்கிறார்கள். கடித்த பாம்பைக்கூட அடித்துத் துணியில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள். உண்ணி கடித்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கடிபட்டவருக்கே பல சமயம் தெரிவதில்லை. பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வருகிறது. வந்த காய்ச்சலுக்கும் மறந்து போன கடிக்கும் உள்ள உறவு நோயாளிக்கும் தெரிவதில்லை, மருந்து கொடுப்பவருக்கும் தோன்றுவதில்லை. நமது மாநிலத்தில் உண்ணிக் காய்ச்சலில் ஆட்கள் சாவது பெரும்பாலும் இதனால்தான். மருந்து இல்லாததால் அல்ல.

யாரை இது கடிக்கிறது? வரப்பில் புல் அறுப்பவரை, கரும்புத் தோட்டத்தில் சோகை உரிப்பவரை, ஏரிக்கரையில் கருவேலம் புதர் வெட்டுபவரை, ஆடு மாடு மேய்ப்பவரை, காட்டோரத்தில் விறகு பொறுக்குபவரை, தேயிலைச் செடிகளுக்கு நடுவே களை எடுப்பவரை. ஆலைத் தொழிலாளியும் இதற்கு விலக்கல்ல. ஷிப்டு முடிந்து வந்து மாட்டுக்குப் புல் அறுக்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அரை ஏக்கரைப் பார்த்து வருகிறவர்கள் எத்தனை பேர்! மெத்தை வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவரை இது தேடிப் போவதில்லை. (நாய் வளர்த்தால் போகும், அது வேறு.)

முதலில் எதை எது என்று பிரித்துக் கொள்வோம். கண்ணுக்குத் தெரிகிற உண்ணி ஒன்று. நாய் உண்ணி, மாட்டு உண்ணி, காட்டு உண்ணி எல்லாம் இந்த வகை. வளர்ந்ததற்கு எட்டுக் கால். பூச்சி இனத்தை விடச் சிலந்திக்கும் தேளுக்கும்தான் நெருங்கிய உறவு. குடித்தபின் பச்சைப்பயறு அளவுக்கோ அதற்கு மேலோ ஊதிப் போகும். இன்னொன்று கண்ணுக்குச் சுலபத்தில் தெரியாதது. பயிரில் விழும் செம்பேனுக்குத் தூரத்து உறவான ஒரு சிற்றுயிரின் குஞ்சு அது. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் அதன் நீளம். புதரிலும் உயர்ந்த புல்லிலும், எலிகள் வளை வைத்திருக்கும் மேட்டிலும் இருக்கும். ஒழுங்காகப் பார்த்தால் இது உண்ணியே அல்ல. ஆனால் 'ஸ்க்ரப் டைபஸ்' என்று டாக்டர்கள் சொல்லும் காய்ச்சலை இது பரப்புகிறது. தமிழில் அதற்கு உண்ணிக் காய்ச்சல் என்று பெயர் விழுந்துவிட்டது. பெயரைப் பற்றி நாம் சண்டை போடப் போவதில்லை. கண்ணுக்குத் தெரியும் உண்ணியானால் எடுக்கலாம். தெரியாததானால் காய்ச்சலைத்தான் கவனிக்க வேண்டும். இந்த வித்தியாசம் நினைவில் இருந்தால் போதும்.

தெரிகிற உண்ணியை எப்படி எடுப்பது?

நமது கிராமங்களில் இதற்கு ஆளுக்கொரு வைத்தியம் உண்டு. எரியும் பீடி முனையை அதன் முதுகில் வைப்பார்கள். மண்ணெண்ணெய் விடுவார்கள். சுண்ணாம்பு தடவுவார்கள். ஆமணக்கெண்ணெயை ஊற்றிவிட்டு, மூச்சு முட்டி அதுவாகவே விழும் என்று காத்திருப்பார்கள். இவை எதுவும் வேண்டாம். உண்ணி சும்மா ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. முள்வரிசை போன்ற வாயைத் தோலுக்குள் இறக்கி, பசை போன்ற ஒன்றைச் சுரந்து, கட்டிடத்தில் கம்பியைச் சிமெண்டு வைத்துப் பூசியது போலத் தன்னை அங்கே நிறுத்திக் கொண்டிருக்கிறது. அதன் எச்சிலில் தோலை மரத்துப் போகச் செய்யும் சரக்கு இருக்கிறது. அதனால்தான் கடிக்கும்போது வலிப்பதில்லை. சூடு வைத்தாலோ எண்ணெய் விட்டாலோ அது உடனே விட்டுவிடும் என்பதற்கில்லை. சாகும் முன் உள்ளே இருப்பதையெல்லாம் நம் உடம்பில் கக்கிவிடும் அபாயம்தான் மிச்சம். அது கக்குவதில்தான் கிருமி இருக்கிறது. பீடி நெருப்பினால் தோல் வேகிறதே, அது தனிக் கணக்கு.

செய்ய வேண்டியது சுலபம். நமது பாட்டன்மார்கள் அரைஞாணில் கோத்து வைத்திருந்தார்களே, முள்வாங்கி, அது போதும். கூர்மையான முனையுள்ளதாக இருக்கட்டும். உண்ணியின் வயிற்றைப் பிடிக்காதீர்கள். வயிற்றை அமுக்கினால் பிதுங்குவது உங்கள் உடம்புக்குள்தான். தோலோடு தோலாக, அதன் தலைப் பக்கம் எவ்வளவு கீழே பிடிக்க முடியுமோ அவ்வளவு கீழே பிடித்து, நேராக மேலே ஒரே சீராக இழுங்கள். வெடுக்கென்று பிடுங்க வேண்டாம்; திருகவும் வேண்டாம். சற்று நேரம் பிடித்த பிடியில் இழுத்துக் கொண்டிருந்தால் விட்டுவிடும். முள்வாங்கி இல்லாவிட்டால் மெல்லிய நூலைச் சுருக்குப் போட்டு, தோலை ஒட்டி இறுக்கி, மேலே தூக்கலாம். அதுவும் இல்லாவிட்டால் விரலில் துணியோ பிளாஸ்டிக் தாளோ சுற்றிக்கொண்டு எடுக்கலாம். நல்ல கருவி வரட்டும் என்று மறுநாள் வரை அதைத் தொங்கவிடுவதை விட, கையில் கிடைத்ததைக் கொண்டு அப்போதே எடுப்பது மேல். எத்தனை மணி நேரம் ஒட்டியிருக்கிறதோ அத்தனைக்குப் பல நோய்களில் ஆபத்து ஏறுகிறது.

வாயின் துணுக்கு உள்ளேயே தங்கிவிட்டால்? சுலபமாக வந்தால் எடுங்கள். வராவிட்டால் ஊசியால் குத்திக் குடையாதீர்கள். சில நாளில் தோலே அதைத் தள்ளிவிடும். பிறகு சோப்பும் தண்ணீரும் போட்டு அந்த இடத்தையும் கையையும் நன்றாகக் கழுவுங்கள். டிஞ்சரோ ஸ்பிரிட்டோ இருந்தால் தடவலாம்.

எடுத்த உண்ணியை என்ன செய்வது என்பதில் நமது மாடு மேய்க்கும் தோழர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கட்டை விரல் நகத்தில் வைத்து நசுக்குவார்கள். 'டப்' என்று சத்தம் வந்தால் ஒரு திருப்தி. அந்தத் திருப்தி வேண்டாம். நசுங்கிய உண்ணியின் ரத்தம் விரலில் உள்ள சிறு கீறல் வழியாக உள்ளே போகும். 2011ஆம் ஆண்டு குஜராத்தில் கிரிமியன் காங்கோ காய்ச்சல் என்ற கொடிய நோய் தலைகாட்டியது. கால்நடைகளில் இருக்கும் உண்ணி பரப்பும் நோய் அது. நோயாளிக்குச் சிகிச்சை செய்த ஒரு டாக்டரும் ஒரு நர்சும்கூட அதில் மாண்டார்கள். அந்த நோய் பரவும் வழிகளில் உண்ணியை வெறுங்கையால் நசுக்குவதும் ஒன்று. ஆகவே மாட்டிலிருந்து எடுத்தாலும் மனிதரிடமிருந்து எடுத்தாலும் சோப்புத் தண்ணீர் உள்ள தகர டப்பாவில் போட்டு மூடுங்கள், அல்லது நெருப்பில் போடுங்கள்.

இத்துடன் வேலை முடிந்ததென்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. கடித்த தேதியைச் சுவரில் தொங்கும் காலண்டரில் குறித்து வையுங்கள். அன்றிலிருந்து மூன்று நான்கு வாரம் உடம்பைக் கவனியுங்கள். இந்த நாட்களுக்குள் காய்ச்சல், கடுமையான தலைவலி, உடம்பு வலி, தோலில் சிவப்புப் புள்ளிகள் இவற்றில் எது வந்தாலும் 'சளி ஜுரம்' என்று கிடந்துவிடக் கூடாது. நாய் உண்ணியால் வரும் காய்ச்சல் ஒன்று நம் நாட்டில் உண்டு. அதில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூடப் புள்ளி வரும். சாதாரண வைரஸ் காய்ச்சலில் அப்படி வருவது குறைவு.

இனி, கண்ணுக்குத் தெரியாத கடியின் கதைக்கு வருவோம். நமது வயல்களிலும் புதர்களிலும் அதிகம் பேரைப் படுக்கவைப்பது அதுதான். மழைக்குப் பின் புல் மண்டி நிற்கும் மாதங்களிலும் பனிக்காலத்திலும் இது கூடுகிறது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரத் துறையே இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. கடித்துச் சுமார் பத்து நாளில், சிலருக்கு ஆறு நாளிலேயே, சிலருக்கு மூன்று வாரத்தில், காய்ச்சல் கிளம்பும். தலை பிளக்கும். கண் சிவக்கும். கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டும். கடித்த இடத்தில் பலருக்கு ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். சிகரெட் நெருப்பால் சுட்டது போல, ஓரம் சிவந்து, நடுவில் கறுத்து. வலிக்காது, அரிக்காது. அதனால் அது இருப்பதே தெரியாது. இருக்கும் இடமோ வெளியில் தெரியாத இடம்: அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடி, இடுப்பு, பிட்டம், காதின் பின்புறம். துணி இறுக்கும் இடத்தில்தான் அந்தக் குஞ்சு நின்று கடிக்கிறது.

நாம் வேலை செய்யும் வட்டாரத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். களை எடுக்கப் போகும் ஒரு தாய்க்குக் காய்ச்சல். முதல் மூன்று நாள் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். போகாவிட்டால் கூலி ஏது? நான்காம் நாள் பக்கத்து ஊரில் ஒருவரிடம் ஊசி. ஆறாம் நாள் மறுபடி ஊசி, ஒரு பாட்டில் குளுக்கோஸ். டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை என்று இரண்டு முறை ரத்தம் எடுத்துப் பார்த்ததற்குக் கொடுத்த பணம் தனி. ஒன்பதாம் நாள் மூச்சு வாங்கியது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே உடை மாற்றும்போது ஒரு நர்ஸ், பாவாடை நாடா கட்டும் இடத்தில் அந்தக் கறுப்புப் பொருக்கைக் கண்டார். அதன் பிறகுதான் சரியான மருந்து இறங்கியது. பிழைத்துவிட்டார். ஆனால் ஒரு மாதம் வேலை இல்லை. காதில் கிடந்தது அடகுக் கடைக்குப் போனது, இன்னும் திரும்பவில்லை. ஒன்பது நாளில் அத்தனை பேர் அவர் கையைப் பிடித்து நாடி பார்த்தார்கள். ஒருவர்கூட 'அம்மா, என்ன வேலை செய்கிறீர்கள்?' என்று கேட்கவில்லை.

கேட்டிருந்தால்? டாக்சிசைக்ளின் என்ற மாத்திரை. பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம், காலையில் ஒன்று, இரவில் ஒன்று, வழக்கமாக ஏழு நாள். ஒரு மாத்திரையின் விலை நாம் குடிக்கும் ஒரு டீயின் விலையை எட்டாது. பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அசித்ரோமைசின் போன்ற மருந்தை டாக்டர் யோசித்துக் கொடுப்பார். சாதாரணமாகக் காய்ச்சலுக்குக் கொடுத்துத் தள்ளும் பென்சிலின், அமாக்சிசிலின் வகைகள் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. வாரம் முழுக்கத் தின்றாலும் தின்றதுதான் மிச்சம். சிகிச்சை இல்லாமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும். முற்றிய நிலையில் என்ன செய்வது என்பதற்கும் நமது மாநிலத்து டாக்டர்களே வழி கண்டார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி தலைமை தாங்கி, இந்தியாவில் பல ஆஸ்பத்திரிகளில் நடத்திய ஆராய்ச்சி 2023இல் வெளிவந்தது. கடுமையான நோயாளிகளுக்கு மேற்சொன்ன இரு மருந்தையும் சேர்த்து ரத்தக் குழாயில் ஏற்றுவது, ஒன்றை மட்டும் ஏற்றுவதை விட நல்ல பலன் தருகிறது என்று அது காட்டியது. இது நமக்குப் பெருமைதான். ஆனால் ஏழு நாள் மாத்திரையில் தீர வேண்டியதைத் தீவிர சிகிச்சை வார்டு வரை ஏன் வளர்க்க வேண்டும்?

ஆகவே காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் தோழர், டாக்டர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நீங்களே சொல்லுங்கள்: 'நான் புல் அறுக்கிற வேலை செய்கிறேன், புதரில் நின்றேன், உண்ணிக் காய்ச்சலா என்று பாருங்கள்.' போகும் முன் வீட்டில் மனைவியோ கணவரோ தாயோ உடம்பு முழுவதும் ஒரு முறை பார்க்கட்டும். வெட்கப்பட்டு மறைக்கும் இடத்தில்தான் அந்தக் கறுப்புப் பொருக்கு இருக்கும். பெண்கள் ஆண் டாக்டரிடம் காட்டக் கூச்சப்பட்டால், நர்ஸிடம் காட்டுகிறேன் என்று சொல்வதில் தவறில்லை. பொருக்கு இல்லாவிட்டாலும் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. எல்லோருக்கும் அது இருப்பதில்லை. ரத்தப் பரிசோதனை உண்டு. ஆனால் அதன் முடிவு வரும் வரை சந்தேகப்பட்ட நோயாளிக்கு மருந்தைத் தள்ளிப் போடக் கூடாது என்பதுதான் மருத்துவர்களுக்கே சொல்லப்பட்ட விதி. அதற்காகக் கடையில் நாமே மாத்திரை வாங்கிப் போட்டுக் கொள்ள வேண்டாம். நாம் நினைத்தது தவறாகவும் இருக்கலாம், அதற்குள் வேறு நோய் முற்றிவிடும். கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்ட பின், ஒரு சொம்புத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். விழுங்கிய உடனே படுக்கக் கூடாது, தொண்டைக் குழாயைப் புண்ணாக்கும். காய்ச்சல் இரண்டே நாளில் விட்டாலும் ஏழு நாளையும் முடிக்க வேண்டும்.

இது புதிய நோயும் அல்ல. 1920களிலேயே மலாயாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் வெள்ளைக்கார டாக்டர்கள் இதை எழுதி வைத்தார்கள். மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பல் கப்பலாகப் போன கூலிகள் யார் என்று தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மாக் காடுகளில் சிப்பாய்களை இது கொத்துக் கொத்தாகச் சாய்த்தது. சிப்பாய்கள் சாய்ந்தபோதுதான் சர்க்கார்களுக்கு அவசரம் பிறந்தது. 1948இல் கோலாலம்பூரில் குளோரம்பெனிக்கால் என்ற மருந்து இதைக் குணமாக்கும் என்று நிரூபித்தார்கள். அன்றிலிருந்து கணக்குப் பாருங்கள். இந்த நோய்க்கு மருந்து தெரிந்து முக்கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. தோட்டக்கூலி சாகும்போது இல்லாத அவசரம் சிப்பாய் சாகும்போது வந்ததை நாம் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறோம்.

வயலிலிருந்து மலைக்கு ஏறினால் கதை வேறு. நீலகிரியில் கூடலூர்ப் பக்கத்துத் தோழர்களும், பழங்குடி மக்களும், வனத்துறையில் தினக்கூலியாக இருப்பவர்களும் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில் 'மங்கன காயிலே' என்கிறார்கள். குரங்கு நோய் என்று பொருள். 1957இல் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. கூடவே ஜனங்களும் காய்ச்சலில் விழுந்தார்கள். மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் வந்துவிட்டதோ என்று முதலில் பயந்தார்கள். பூனாவில் இருந்த வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் போய்ப் பார்த்ததில், உண்ணி பரப்பும் புதிய வைரஸ் என்று தெரிந்தது. கடித்து மூன்று முதல் எட்டு நாளில் திடீர்க் காய்ச்சல், நெற்றி வலி, எலும்பை முறிப்பது போன்ற உடம்பு வலி. சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் ரத்தம். பிடித்தவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் இறக்கிறார்கள். இதற்கு டாக்சிசைக்ளின் உதவாது. இந்த வைரஸை ஒழிக்கும் தனி மருந்து எதுவும் இல்லை. தண்ணீர்ச் சத்து குறையாமல், ரத்தக் கசிவைக் கவனித்து, ஆஸ்பத்திரியில் வைத்துக் காப்பாற்றுவது ஒன்றே வழி.

இந்த நோய் அந்தக் காட்டோடு நிற்கவில்லை. 2012ஆம் ஆண்டின் கடைசியில் பந்திப்பூர்க் காட்டில் செத்த குரங்குகளை அப்புறப்படுத்தி எரித்த தொழிலாளர்களுக்கு வந்தது. எரிக்கச் சொன்ன அதிகாரி யாரும் படுக்கவில்லை, எரித்தவர்கள் படுத்தார்கள். பிறகு வயநாட்டில் பழங்குடி மக்களிடையே. 2015, 2016இல் கோவாவில் முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கியவர்களிடையே. டிசம்பர் முதல் மே வரை வறண்ட மாதங்களில்தான் இளம் உண்ணிகள் காட்டுத் தரையில் சருகோடு சருகாகக் கிடக்கின்றன. விறகும் சருகும் பொறுக்கப் போவதும் அதே மாதங்கள்தான். கர்நாடகத்தில் இதற்கு ஒரு தடுப்பூசி பல ஆண்டுகள் போட்டார்கள். சரியான பலன் இல்லையென்று 2022இல் நிறுத்திவிட்டார்கள். புதிய ஊசிக்கு முயற்சி நடக்கிறது. முதல் நோயாளி கண்டுபிடிக்கப்பட்டு இத்தனை ஆண்டுகள் ஆகியும், காட்டுக்குள் போகும் மனிதனுக்கு நம்பத்தக்க ஓர் ஊசி கையில் இல்லை. இடையில் நடந்த நல்ல காரியம் ஒன்று, நமது ராணுவ விஞ்ஞானிகள் கண்ட 'டெப்பா' எண்ணெய். கையிலும் காலிலும் பூசிக்கொண்டால் உண்ணி ஏறாது. கர்நாடகக் கிராமங்களில் இலவசமாகக் கொடுத்தார்கள்.

இந்த வைரஸுக்கு ருஷ்யாவில் நெருங்கிய உறவு ஒன்று உண்டு. 1937இல் சோவியத் தூரகிழக்கில் மரம் வெட்டுவோரும் சிப்பாய்களும் மூளைக் காய்ச்சலில் சாவதைப் பார்த்து, லெவ் சில்பர் தலைமையில் விஞ்ஞானிகள் காட்டுக்குள் போனார்கள். சில மாதங்களுக்குள் காரணம் உண்ணிதான் என்று கண்டார்கள். அந்தக் குழுவில் இருந்த இளைஞர் சுமாக்கோவ் தாமே அந்த நோயில் விழுந்து, காது கேளாமலும் வலது கை விளங்காமலும் போனார். பின்னாளில் போலியோ மருந்தைச் சோவியத் குழந்தைகளுக்குக் கொண்டு சேர்த்தவர் அவர். தலைவர் சில்பர் அதே ஆண்டில் பொய்க் குற்றச்சாட்டில் கைதானார் என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். இங்கே இதை நாம் எடுத்ததற்குக் காரணம், அந்த விஞ்ஞானிகள் மரம் வெட்டுபவன் எங்கே நிற்கிறான், எங்கே படுக்கிறான் என்று போய்ப் பார்த்ததுதான்.

நமது ஊரில் ஒட்டும் சுவரொட்டியைப் பாருங்கள். 'முழுக்கை சட்டை அணியுங்கள், பூட்ஸ் அணியுங்கள், புதர்களைத் தவிருங்கள்.' யோசனை தப்பில்லை. உண்மையிலேயே முழுக்கை சட்டையும், காலைச் சுற்றிக் கட்டிய துணியும் பல கடிகளைத் தடுக்கும். வேலை முடிந்ததும் குளித்து, போட்ட துணியை வெந்நீரில் அலசி வெயிலில் காயப் போடுவதும், புல்லில் வெறும் உடம்போடு உட்காராததும் படுக்காததும் நல்லது. ஆனால் புதரை வெட்டுவதே வேலையாக இருக்கிறவனிடம் புதரைத் தவிர் என்பது என்ன யோசனை? பூட்ஸ் யார் வாங்கித் தருவது? நடவு வயலில் பூட்ஸோடு இறங்க முடியுமா? புதர் வெட்டச் சொல்கிற ஊராட்சியும் எஸ்டேட்டும் வனத்துறையும் சட்டை, பூட்ஸ், பூசிக்கொள்ள எண்ணெய் இவற்றைக் கொடுக்க வேண்டும் என்று அந்தச் சுவரொட்டியில் ஒரு வரிகூட இல்லை.

ஏழு நாள் மாத்திரை என்றோம். ஏழு நாள் கூலி? ஆலையில் ஈ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளிக்கு டாக்டர் சர்டிபிகேட்டின் பேரில், சந்தா விதிகளுக்கு உட்பட்டு, சம்பளத்தில் நூற்றுக்கு 70 வீதம், ஆண்டில் 91 நாள் வரை நோய்க்கால உதவி உண்டு. பலர் இதைக் கேட்டு வாங்குவதில்லை. காய்ச்சல்தானே என்று 'லாஸ் ஆஃப் பே'யில் கிடக்கிறார்கள். உண்ணிக் காய்ச்சலுக்கும் அது பொருந்தும். வயலில் வேலை செய்கிறவருக்கோ அப்படி எதுவும் இல்லை. அவர் மூன்றாம் நாள் காய்ச்சலோடு வேலைக்குப் போவது அறியாமையால் அல்ல, அடுப்பு எரிவதற்காக. இதைத் தெரியாமல் 'கிராமத்து ஜனங்கள் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள்' என்று பேசும் படித்தவர்களைக் கண்டால் நமக்குக் கோபம் வருகிறது.

சட்டத்திலும் ஒரு பிடி இருக்கிறது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் மூன்றாம் அட்டவணையில் தொழில் நோய்களின் பட்டியல் உண்டு. (அந்தத் தொகுப்போடு நமக்குள்ள சண்டை வேறு.) தொற்றும் அபாயம் உள்ள வேலையில் பிடித்த தொற்று நோய்களும், மிருகங்களையும் அவற்றின் சடலங்களையும் கையாளும் வேலையும் அந்தப் பட்டியலில் இடம் பெற்றிருக்கின்றன. செத்த குரங்கை எரிக்கப் போன தினக்கூலிக்கு வரும் காய்ச்சல் தலைவிதி அல்ல, நட்டஈடு கேட்க வேண்டிய விஷயம் என்று வாதாட இடம் இருக்கிறது. வாதாடச் சான்று வேண்டும். எந்தத் தேதியில், எந்த இடத்தில், யார் உத்தரவில் வேலை செய்தோம் என்பதைச் சங்கக் கிளை ஒரு நோட்டில் எழுதி வைத்தால் அதுவே சான்று. ஆஸ்பத்திரிச் சீட்டில் 'காய்ச்சல்' என்று மட்டும் எழுதாமல் நோயின் பெயரை எழுதித் தரும்படி டாக்டரிடம் கேட்க வேண்டும். அந்தச் சீட்டைத் தொலைக்கக் கூடாது.

கிளைகளுக்கு நமது யோசனை ஒன்றே ஒன்று. அடுத்த கூட்டத்துக்கு முன் இரண்டு மூன்று தோழர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். சண்டை பிடிக்க வேண்டாம். அங்கே இருக்கும் டாக்டரும் நர்ஸும் நம்மைப் போலவே ஆள் பற்றாக்குறையில் மாட்டிக்கொண்டிருப்பவர்கள்தான். டாக்சிசைக்ளின் இருப்பு எத்தனை, குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அசித்ரோமைசின் உண்டா, ரத்தம் எடுத்தால் எங்கே அனுப்புகிறார்கள், முடிவு எத்தனை நாளில் வருகிறது, ராத்திரி மூச்சு வாங்கினால் எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள். காய்ச்சல் சீட்டில் 'என்ன வேலை' என்ற ஒரு வரி சேர்க்கும்படி கேளுங்கள். இருப்பு இல்லையென்றால் வட்டார மருத்துவ அலுவலருக்கு மகஜர் எழுதி, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். ஐப்பசி மழை நின்றதும் வரப்பில் புல் முழங்கால் உயரம் வந்துவிடும். அதற்கு முன்பே போய் வந்துவிட வேண்டும்.